அக்காள் சுட்ட முறுக்கும் நான் போட்ட விளம்பரமும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் தோட்டத்தில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். காலையில் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்த கை, மாலையில் முறுக்கு அச்சைப் பிடிக்கும். தன் வீட்டுக்குச் சுடுவது போக, டவுனில் உள்ளவர்களுக்கு டின் கணக்கில் சுட்டுக் கொடுத்து நாலு காசு பார்க்கும் பெண்கள் நம்மிடையே பலர் உண்டு. என் அக்காளும் அவர்களில் ஒருவர். அத்தான் தவறிய பிறகு மகனின் படிப்புச் செலவில் பாதியை இந்த முறுக்குதான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் ஒரு நாள் அக்காள் என்னைக் கேட்டார். "தம்பி, டவுன்ல எல்லாரும் கூகுள்ல விளம்பரம் போடுறாங்களாம். நமக்கும் ஒண்ணு போட்டுக் குடுப்பா. ஒனக்குத் தெரியாததா?"

உண்மையில் எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல ஓர் ஆசிரியனுக்கு அவ்வளவு எளிதில் வாய் வந்துவிடுமா? கைத்தொலைபேசியை எடுத்தேன். அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'சரி', 'சரி' என்று தட்டிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரத்தில் விளம்பரம் தயார். ஒரு நாளைக்கு 15 வெள்ளி. அக்காள் பழைய மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

28 நாள் கழித்துக் கணக்குப் பார்த்தேன். 420 வெள்ளி போயிருந்தது. அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி, 33 வெள்ளி 60 காசு. ஆக 453 வெள்ளி 60 காசு. அந்த விளம்பரத்தைப் பார்த்து வந்த ஆர்டர் ஒன்பது.

அக்காள் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "போனாப் போவுதுப்பா, ஒன் தப்பா என்ன?" என்றார். என் தப்புத்தான். அதனால்தான் அந்த விடுமுறை முழுவதும் உட்கார்ந்து, அந்தப் பணம் எந்த வழியாகப் போயிற்று என்று தேடினேன். பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்துகிறவன் என் கணக்கை நானே திருத்த வேண்டிய நிலை. வாசகர்களில் சிறுதொழில் செய்கிறவர்கள், அல்லது மகனோ மருமகளோ செய்கிறவர்கள் பலர் இருப்பீர்கள். எனக்கு ஆனது உங்களுக்கும் ஆக வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

தட்டினால் காசு

முதலில் இந்த விளம்பரம் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் எதையாவது கூகுளில் தேடும்போது, வரும் விடைகளில் சிலவற்றின்மேல் 'ஸ்பான்சர்ட்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அவை பணம் கட்டிப் போடப்பட்டவை. பத்திரிகையில் விளம்பரம் போட்டால் இடத்துக்குக் காசு கொடுக்கிறோம். இங்கே இடத்துக்குக் காசு கிடையாது. யாராவது விரலால் அதைத் தட்டினால்தான் காசு. இந்தத் 'தட்டுக்குக் காசு' முறையை 1998-இல் அமெரிக்காவில் கோடூ என்ற தேடு நிறுவனம் தொடங்கி வைத்தது. கூகுள் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் தன் விளம்பரத் தொழிலைத் தொடங்கியபோது காட்டுவதற்குத்தான் காசு வாங்கியது. 2002-இல்தான் தட்டுக்குக் காசு என்ற ஏல முறைக்கு வந்தது.

ஏலம் என்றதும் கோயில் ஏலம் போல அதிகம் கேட்டவருக்கே முதல் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை ஒருவர் தேடும்போதும், கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. எவ்வளவு தரத் தயார் என்பதோடு, தேடியவர் கேட்டதற்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, தட்டினால் போய்ச் சேரும் பக்கம் உபயோகமானதா என்பவற்றையும் அது பார்க்கிறது. அந்த இடத்தைத் தக்கவைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பொருத்தமான விளம்பரம் போட்டவருக்குச் செலவு குறைவு. என்னைப் போல ஏனோதானோ என்று போட்டவருக்குச் செலவு கூடும்.

இதில் ஒன்று நியாயம்தான்: தட்டாதவருக்குக் காசில்லை. ஆனால் தட்டுகிறவர் வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று அது கேட்பதில்லை. சந்தையில் ஒருவர் வந்து முறுக்கை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனால் நமக்கு நட்டமில்லை. இங்கே எடுத்துப் பார்த்தாலே நம் பையிலிருந்து காசு போய்விடும். அக்காளுக்கு ஒரு தட்டுக்குச் சராசரி 60 காசு. மொத்தம் 700 தட்டு.

அந்த 700 பேர் யார்?

இதைக் காட்டும் ஓர் ஏடு அந்தக் கணக்கிலேயே இருக்கிறது என்பதை நான் பணம் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். அதற்குப் பெயர் 'சர்ச் டர்ம்ஸ்'. நாம் என்ன சொல்லைக் கொடுத்தோம் என்பது வேறு. மக்கள் உண்மையில் என்ன எழுதித் தேடினார்கள் என்பது வேறு. இரண்டாவதை இந்த ஏடு வரிசையாகக் காட்டும். எல்லாவற்றையும் அல்ல, மிகச் சிலரே தேடிய சொற்களை 2020 செப்டம்பரிலிருந்து கூகுள் காட்டுவதில்லை. அக்காளின் 700 தட்டுகளில் 480-க்குத்தான் என்னால் சொல் பார்க்க முடிந்தது.

பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போட்டு எண்ணினேன். முறுக்கு செய்வது எப்படி என்று தேடியவர்கள் 214 பேர். சிலர் தமிழில் எழுதியிருந்தார்கள். பலர் ரூமி எழுத்தில் 'முறுக்கு ரெசிப்பி' என்றும், மலாய்க்காரர்கள் 'ரெசிப்பி முருகு', 'சாரா புவாட் முருகு' என்றும் எழுதியிருந்தார்கள். முறுக்கு அச்சு வாங்கத் தேடியவர்கள் 61. நம்மால் கொண்டுபோய்க் கொடுக்க முடியாத பினாங்கு, ஈப்போ, ஜொகூர் ஊர்ப் பெயர்களோடு தேடியவர்கள் 47. கடைகளில் பாக்கெட்டில் விற்கும் பெரிய நிறுவனங்களின் பெயரைத் தேடியவர்கள் 52. அதிரசம், லட்டு, ஓமப்பொடி என்று அக்காள் செய்யாத பலகாரங்களைத் தேடியவர்கள் 55. இன்னும் மூன்று பேர் தேடியது 'முறுக்கு மீசை'. சிரிக்காதீர்கள். மீசை வைக்க ஆசைப்பட்ட மூன்று ஆண்பிள்ளைகளுக்காக என் அக்காள் 1 வெள்ளி 80 காசு கொடுத்திருக்கிறார்.

மிச்சம் 48 பேர்தான் முறுக்கு வாங்க வந்தவர்கள். அதாவது பத்தில் ஒருவர்.

ஏன் இப்படி ஆயிற்று? நான் 'முறுக்கு' என்ற சொல்லை வெறுமனே கொடுத்திருந்தேன். எந்த அடையாளமும் இல்லாமல் கொடுத்தால், அதை 'பிராட் மேட்ச்' என்று எடுத்துக்கொள்ளும். வகுப்பில் 'குமார்' என்று கூப்பிட்டால் விஜயகுமாரும் சசிகுமாரும் எழுந்து நிற்பார்கள் அல்லவா? இங்கே குமாரின் பக்கத்து வீட்டுக்காரனும் எழுந்து நிற்பான். அந்தச் சொல்லோடு ஏதோ ஒரு விதத்தில் தொடர்புடையது என்று கூகுள் கருதும் தேடல் எதற்கும் விளம்பரம் போய்விடும். சொற்றொடரின் இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டால் வட்டம் சுருங்கும். அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் போகும். சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் இன்னும் இறுகும். அதே பொருளில் தேடுகிறவருக்கு மட்டும் போகும். 'முறுக்கு' என்ற ஒரே சொல்லுக்குப் பதிலாக 'முறுக்கு ஆர்டர்', 'தீபாவளி முறுக்கு வாங்க', 'தெம்பா முருகு கிள்ளான்' என்று, வாங்குகிறவர் வாயில் வரும் சொற்களைக் குறிகளோடு கொடுத்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

வேண்டாத சொற்கள்

மீதிப் பாதியைக் காப்பாற்றுவது வேண்டாத சொற்களின் பட்டியல். 'நெகட்டிவ் கீவோர்ட்ஸ்' என்பார்கள். இந்தச் சொல் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. இதற்குத் தனிக் காசு கிடையாது. சிறுவியாபாரிக்கு இந்தத் தொழிலில் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் நான் கேட்டுப் பார்த்தவரையில் நம்மவர்கள் ஒருவர்கூட இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

நம் நாட்டில் இதில் ஒரு சிரமம் உண்டு. இங்கே ஒரே பொருளை நாம் மூன்று நான்கு மொழிகளில் தேடுகிறோம். வேண்டாத சொல்லைக் கொடுத்தால் கூகுள் அதன் எழுத்துப் பிழைகளைத் தானே கவனித்துக்கொள்ளும். ஆனால் அதே பொருளுள்ள வேறு சொல்லையோ, ஒருமைக்குப் பன்மையையோ அது தானாகத் தடுக்காது. ஆங்கிலத்து 'ரெசிப்பி'யைத் தடுத்தால் மலாய் 'ரெசிப்பி' நின்றுவிடும் என்று நம்பக் கூடாது. இரண்டுக்கும் எழுத்து வேறு. ஆகவே செய்முறை, சாரா புவாட், அச்சு, அச்சுவான், வேலை, கெர்ஜா கோசோங், படம், வீடியோ என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மொழியிலும் எழுத வேண்டும். நான் எழுதி முடித்தபோது 73 சொல்.

அதிலும் ஓர் அவசரத் தவறு செய்தேன். 'வீட்டிலேயே செய்வது எப்படி' என்று தேடுகிறவர்களைத் தடுக்கிறேன் என்று மலாய்ச் சொல்லான 'ரூமா'வைத் தடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. 'முருகு புவாத்தான் ரூமா', அதாவது வீட்டில் செய்த முறுக்கு என்று தேடுகிறவர்தான் அக்காளுக்கு முதல் தரமான வாடிக்கையாளர்! அவரையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே தடுக்கும்போது ஒற்றைச் சொல்லாகத் தடுப்பதற்கு முன், அதே சொல்லை வாங்குகிறவரும் சொல்வாரா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

முறுக்கை விடுங்கள். ஏர்கோன் பழுதுபார்க்கும் தம்பிமார் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் விளம்பரத்தைத் தட்டுகிறவர்களில் புது ஏர்கோன் விலை பார்ப்பவரும், ஏர்கோன் தொழில் படிக்க வகுப்புத் தேடுகிறவரும், தானே கழற்றிக் கழுவ வழி தேடுகிறவரும் இருப்பார்கள். அவர்களுக்கு 'ஹார்கா', 'குர்சுஸ்', 'சாரா' என்று பட்டியல் வேறாக வரும். இங்கும் ஒரு கவனம்: 'ஹார்கா' என்பதைத் தனியாகத் தடுத்தால் சர்வீஸ் விலை கேட்கிறவரும் போய்விடுவார்.

சத்தமில்லாமல் போகும் காசு

இனி நான் 'சரி', 'சரி' என்று தட்டிய இடங்கள்.

சிலாங்கூரில் மட்டும் காட்டு என்றுதான் சொன்னேன். ஆனால் இடம் குறிக்கும் பகுதிக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்த இடத்தில் இருப்பவர்களுக்கா, அல்லது அங்கே இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் அக்கறை காட்டியவர்களுக்குமா? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அக்காளை அழைத்து, "நாளைக்குக் கொண்டு வருவீங்களா?" என்று கேட்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. 'பிரசென்ஸ்' என்று மட்டும் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, நம்மால் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்தை வட்டமாகக் குறித்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிற அக்காள் மகனுக்கு 25 கிலோமீட்டர் போதும்.

'டிஸ்ப்ளே நெட்வோர்க்', 'சர்ச் பார்ட்னர்ஸ்' என்று இரண்டு கட்டங்களில் ஏற்கெனவே சரி அடையாளம் போட்டிருந்தது. முதலாவது இருந்தால், தேடாதவர்களுக்கும் மற்ற பக்கங்களிலும் விளையாட்டுச் செயலிகளிலும் விளம்பரம் போகும். என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், உங்க அக்கா முறுக்கு என் கேம்ல வருது" என்றபோது நான் பெருமைப்பட்டேன். பெருமைப்பட வேண்டிய விஷயமா அது? கார் ஓட்டும் விளையாட்டில் பிரேக்கை அழுத்தப் போன பையன் முறுக்கை அழுத்திவிட்டிருப்பான். இரண்டு கட்டங்களையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு நம் சொந்தபந்தம். விளம்பரம் வந்துவிட்டது என்று குடும்பப் புலனக் குழுவில் நானே அறிவித்தேன். சித்தி, பெரியப்பா, ரவாங்கில் இருக்கும் மைத்துனர் எல்லாரும் தேடிப் பார்த்து, ஆசையாகத் தட்டியும் பார்த்து, 'சூப்பர்' என்று செய்தி அனுப்பினார்கள். போலித் தட்டுகளைக் கூகுள் ஓரளவு கண்டுபிடித்துக் கழித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெரியப்பா போலியா? அவர் உண்மையான மனிதர், உண்மையாகத் தட்டினார், காசு போயிற்று. நம் விளம்பரம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அந்தக் கணக்கிலேயே தனி வழி இருக்கிறது. அதில் பார்த்தால் செலவில்லை.

நாள் கணக்கிலும் ஒரு விஷயம். ஒரு நாளைக்கு 15 வெள்ளி என்று சொன்னால் ஒவ்வொரு நாளும் 15-க்குள் நிற்கும் என்று நினைத்தேன். தேடல் அதிகமுள்ள நாளில் அது இரண்டு மடங்கு, 30 வெள்ளிவரை போகலாம். மாதத்துக்கு மட்டும் அந்தத் தொகையை 30.4-ஆல் பெருக்கிய அளவைத் தாண்டாது. நம் கணக்கில் 456 வெள்ளி. வரி தனி. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் 6 விழுக்காடாக வந்த சேவை வரி, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடாகியது. கையில் 450 வெள்ளிதான் இருக்கிறது என்றால் இதையெல்லாம் கழித்துக்கொண்டுதான் நாள் கணக்கைப் போட வேண்டும்.

முடிவுத் தேதி போட மறந்தது இன்னொன்று. தீபாவளி முடிந்து நான்காம் நாள் வங்கியிலிருந்து செய்தி வந்த பிறகே நிறுத்தினேன். முறுக்கு தீர்ந்து, சட்டியும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. விளம்பரம் மட்டும் கூவிக்கொண்டே இருந்திருக்கிறது.

நம்மைத் தெரிந்தவருக்கு விளம்பரம் எதற்கு?

படித்துக்கொண்டு போகும்போது ஒரு பெரிய நிறுவனத்தின் கதை கிடைத்தது. 2012-இல் அமெரிக்காவின் ஈபே நிறுவனம், தன் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிவந்த விளம்பரத்தைச் சோதனைக்காக நிறுத்திப் பார்த்தது. பிளேக், நோஸ்கோ, தடேலிஸ் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் கணக்கெடுத்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே கீழே இருந்த இலவச விடையைத் தட்டி வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்காகக் கொட்டிய பணம் அத்தனையும் வீண். பொதுவான சொற்களுக்குக் கொடுத்த விளம்பரத்தை நாட்டின் ஒரு பகுதியில் நிறுத்தியபோதும் விற்பனை பெரிதாகக் குறையவில்லை. அடிக்கடி வாங்குகிறவர்கள் எப்படியும் வந்தார்கள். இதுவரை வாங்காதவர்கள், எப்போதாவது வாங்குகிறவர்கள் ஆகியோரிடம் மட்டும் விளம்பரம் வேலை செய்தது. இந்த ஆய்வு 2015-இல் 'எக்கனோமெட்ரிக்கா' ஏட்டில் வெளிவந்தது.

ஈபே உலகறிந்த பெயர். அக்காள் நான்கு தோட்டம் அறிந்த பெயர். அவர்கள் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. எனினும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அக்காளின் பெயரைத் தேடுகிறவர், கோயிலில் அவரைப் பார்த்தவர், போன வருடம் வாங்கியவர் ஆகியோருக்குத் தட்டுக் காசு கொடுக்கத் தேவையில்லை. அவர்களுக்கு இலவசமான வழி இருக்கிறது. 'கூகுள் பிசினஸ் புரோஃபைல்' என்ற தொழிற் பதிவைச் செய்து, உரியவர் நாம்தான் என்று உறுதிப்படுத்திவிட்டால், தொலைபேசி எண்ணும் படங்களும் வாடிக்கையாளர் எழுதும் நல்ல வார்த்தைகளும் அதில் வந்துவிடும். வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்பதை மட்டும் காட்டலாம். நான் விளம்பரத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை இது. பின்னால்தான் செய்தேன்.

காசு கொடுப்பது, நம்மைத் தெரியாதவராக இருந்து, வாங்கும் எண்ணத்தோடும் தேடுகிறவருக்கு மட்டுமே இருக்கட்டும்.

ஓர் ஆர்டருக்கு எவ்வளவு?

அக்காள் ஒரு டின் முறுக்கை 25 வெள்ளிக்குக் கொடுக்கிறார். மாவு, எண்ணெய், கேஸ், டின் எல்லாம் போக மிஞ்சுவது 8 வெள்ளி. ஓர் ஆர்டர் சராசரி மூன்று டின். ஆக 24 வெள்ளி. விளம்பரத்துக்கு ஓர் ஆர்டருக்கு ஆன செலவோ 50 வெள்ளி 40 காசு. ஆர்டர் வரவரச் சந்தோஷப்பட்டோம். ஒவ்வோர் ஆர்டருக்கும் 26 வெள்ளி 40 காசு கைநட்டம். அடுப்படியில் நின்ற கூலியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் ஒரு தட்டுக்கு எவ்வளவு தரலாம் என்பதும் தெரிந்திருக்கும். பத்துப் பேர் தட்டினால் ஒருவர் வாங்குவார் என்று வைத்தால், ஒரு தட்டுக்கு 2 வெள்ளி 40 காசுக்கு மேல் போகவே கூடாது. அதில் பாதிக்குள் நிற்பது நல்லது. நம்மிடம் நடந்ததோ 78 பேர் தட்டினால் ஒருவர். அப்படிப் பார்த்தால் 60 காசே அதிகம்.

வாங்க வந்த 48 பேரில்கூட ஒன்பது பேர்தான் ஆர்டர் கொடுத்தார்கள். அதற்கும் காரணம் நான். தட்டியவர் போய்ச் சேர்ந்த முகநூல் பக்கத்தில் விலை இல்லை, எந்த ஊருக்குக் கொடுப்போம் என்பது இல்லை, புலன எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மேலே இருந்ததோ மருமகன் பிறந்தநாள் படம். இப்போது விளம்பரத்திலேயே 'ஒரு டின் 25 வெள்ளி, கிள்ளான் – பந்திங் வட்டாரம் மட்டும்' என்று எழுதிவிடுகிறோம். விலையைப் பார்த்தவுடன் சும்மா பார்க்கிறவர் தட்டாமல் போய்விடுகிறார். அவர் தட்டாமல் போவதும் நமக்கு லாபம்தான்.

எந்த ஆர்டர் எங்கிருந்து வந்தது என்பதை அறிய இயந்திர வழிகள் இருக்கின்றன. ஆனால் வாரத்துக்கு ஐந்தாறு ஆர்டர் வரும் வீட்டுக்கு அக்காள் கண்டுபிடித்த வழியே போதும். அழைக்கிறவரிடம், "எங்களை எப்படிங்க தெரியும்?" என்று கேட்டு, நோட்டில் 'கூ', 'கோ', 'சொ' என்று குறித்துக்கொள்வார். கூகுள், கோயில், சொந்தம்.

இடையில் இன்னோர் அனுபவமும் உண்டு. டவுனில் ஒருவர், மாதம் ஒரு தொகை கட்டினால் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கணக்கு யார் பெயரில் இருக்கும், சர்ச் டர்ம்ஸ் ஏட்டை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். கணக்கு அவர் பெயரிலாம். ஏட்டைக் காட்ட மாட்டாராம். மாதக் கடைசியில் படம் போட்ட அறிக்கை ஒன்று தருவாராம். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். நல்லபடியாகச் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கணக்கு நம் பெயரில், நம் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கணக்குக்குள் வந்து நிற்கும் 'பரிந்துரைகள்' விஷயத்திலும் நிதானம் வேண்டும். தொகையைக் கூட்டு, சொற்களை விரிவாக்கு என்று அவற்றில் பல சொல்லும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் மதிப்பெண் குறைவாகத் தெரியும். மதிப்பெண் குறைந்தால் பயப்படும் வயது நமக்குத் தாண்டிவிட்டது. அவற்றைத் தானாகவே நடைமுறைப்படுத்தும் வசதி திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

2025 தீபாவளிக்கு நாள் ஒன்றுக்கு 8 வெள்ளி என்று மூன்று வாரம் போட்டோம். இரண்டு நாளுக்கு ஒரு முறை இரவு பாடத் திட்டம் எழுதி முடித்த பிறகு சர்ச் டர்ம்ஸ் ஏட்டைத் திறந்து, வந்த புதுச் சொற்களில் வேண்டாதவற்றைத் தடுத்தேன். பத்து நிமிட வேலை. முடிவில் செலவு 121 வெள்ளி, வரியோடு 130 வெள்ளி 68 காசு. 'கூ' என்று குறித்த ஆர்டர் 17. ஓர் ஆர்டருக்கு ஏறக்குறைய 7 வெள்ளி 70 காசு. 'கோ' என்று குறித்தவை 31. அவற்றுக்குச் செலவே இல்லை. அக்காள் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போனதுதான்.

அந்த 453 வெள்ளி 60 காசு திரும்பி வரவில்லை. அதை நான் மாதம் 50 வெள்ளியாக அந்த மைலோ டின்னில் போட்டுவருகிறேன். அக்காள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுகிறார். ஆனால் வேண்டாத சொற்கள் எழுதிய நோட்டை மட்டும் அவரே எடுத்து வைத்துக்கொண்டார். சென்ற தீபாவளிக்கு விளம்பரத்தைத் திறக்க உட்கார்ந்தபோது, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, மீசைய எழுதிட்டியா?"